புதுப்பிப்பு: குதிரைமசால் தண்டு காயாத விஷயம்

போன வாரம் எழுதியிருந்தேனே, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் நான் வேலை பார்க்கும் பண்ணையில் உலர்தீவனத்துக்காக அறுத்துப் போட்ட குதிரைமசாலில் (லூசர்ன் என்கிற தீவனப் பயிர்) இலை மட்டும் காய்ந்து உதிர்கிறது, தண்டு பச்சையாகவே கிடக்கிறது என்று. கோளாறு, தண்டு சீக்கிரம் காய அதை நசுக்கி வெடிக்க வைக்கும் கண்டிஷனர் ரோலர்களின் இடைவெளியில்தான். ரோலர்களை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இறுக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அதைத் தொடவே இல்லை. டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்து, டிராக்டரின் விசையை இயந்திரத்துக்குக் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்டையும் கழற்றிவிட்டு, அலுமினிய ஃபாயிலைக் குழாய் மாதிரி சுருட்டி ரோலர்களுக்கு நடுவே கொடுத்துக் கையால் சுற்றினேன். நசுங்கி வந்ததன் தடிமனை, அதாவது ரோலர் இடைவெளியை, அளந்தால் இடப்பக்கம் 3 மி.மீ., வலப்பக்கம் 6! இடைவெளியை மாற்றும் போல்ட்டைத் திருகி இரண்டு பக்கமும் 2.5க்குக் கொண்டுவந்தாயிற்று. இப்போது பத்துத் தண்டில் ஒன்பது வெடித்திருக்கிறது, இலையும் கறுக்கவில்லை. ரப்பர் தேய்மானத்தை இன்னும் பார்க்கவில்லை. சரி, அதற்கு ஒரு மழை நாள் வரட்டும்.