புதுப்பிப்பு: நிறுவனர் வீடு, சுவரும் தாளும்

கும்பகோணம் பக்கம் பள்ளி நிறுவனரின் ஓட்டு வீட்டைக் காப்பகமாக்குவது பற்றிய முந்தைய பதிவின் தொடர்ச்சி இது. சுவரடியில் உப்புப் பூத்து உதிரக் காரணம், சுண்ணாம்புச் சுவர்மேல் பின்னாளில் பூசிய சிமெண்ட். நிலத்து ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறுகிறது. ஈரக்கோட்டுக்கு (சுவரில் ஈரம் ஏறி நிற்கும் உயரம்) ஒரு முழம் மேல்வரை சிமெண்டைக் கொத்தியெடுத்து, நன்றாக உலரவிட்டு, 1:3 சுண்ணாம்பு-மணல் கலவை பூச வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பழைய கதைதான். சுண்ணாம்பு வெள்ளையே போதும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். வேலை முடியும்வரை பீரோக்களைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

வீட்டிலுள்ள பழைய கடிதங்களை லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிழைத்தாளும் கோதுமை ஸ்டார்ச் (பசையம் நீக்கிய மாவுச்சத்து) பசையும். மைதாப் பசை பூச்சியைக் கூப்பிடும். பூச்சி அண்டாமல் தடவும் எலுமிச்சைப்புல் எண்ணெய் ஓலைச்சுவடிக்கு மட்டும், தாளில் பட்டால் கறை.