பி.எம்.எஸ்-இல் வி.எஃப்.டி அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது, அவசரம்

மூன்றாம்தளம் | திங்கள், காலை 10.20

வணக்கம். பழைய கட்டடம். ரிலே பேனல்களை எடுத்துவிட்டு டி.டி.சி (டிஜிட்டல்) கண்ட்ரோலர் போட்டு எல்லாவற்றையும் பி.எம்.எஸ்-க்குள், அதாவது கட்டடத்தை ஒரே இடத்திலிருந்து பார்த்து ஓட்டும் சிஸ்டத்துக்குள், கொண்டு வந்திருக்கிறோம். ஏ.எச்.யு-க்களுக்கு (ஏ.சி காற்றைத் தள்ளும் ஃபேன் யூனிட்) புது வி.எஃப்.டி, மோட்டார் ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்பீடு எல்லாமே மாட்பஸ்ஸில்தான் (டேட்டா கேபிள் வழியாகப் பேசும் புரோட்டோகால்). கமிஷனிங் அன்று சரியாக ஓடியது, இப்போது டிரைவ்கள் மாற்றி மாற்றி ஆஃப்லைன் காட்டுகின்றன, கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வருகின்றன. நேற்று மதியம் இரண்டு ஃபேன் நின்றேவிட்டது, மேல் தளத்திலிருந்து போன் மேல் போன். கண்ட்ரோலரை மாற்றிப் பார்த்தாயிற்று, அப்படியேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஹேண்டோவர். யாராவது சொல்லுங்கள்.

பாட்ரேட் | காலை 10.41

எத்தனை டிரைவ்? எல்லாம் ஒரே லூப்பிலா, அதாவது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் ஒரே கேபிளிலா? கேபிள் மொத்தம் எத்தனை மீட்டர்? பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) என்ன? ஆஃப்லைன் ஆகும்போது பி.எம்.எஸ் காட்டுவது டைம்அவுட்டா (பதிலே வரவில்லை), சி.ஆர்.சி பிழையா (பதில் சிதைந்து வந்தது)? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது நண்பரே. என் அனுபவத்தில் பாதி கேஸ் போலிங் தொல்லைதான், அதாவது கண்ட்ரோலர் ஒவ்வொரு டிரைவாகக் கேட்டு வரும் சுற்று. ஒவ்வொரு ரிஜிஸ்டரையும் தனித்தனியாகக் கேட்டால் லூப் சுற்றி வரவே நேரம் போதாது. பத்து ரிஜிஸ்டரை ஒரே கேள்வியில் சேர்த்துக் கேளுங்கள்.

எர்த்_முதலில் | காலை 10.58

கம்யூனிகேஷன் கேபிளின் ஷீல்டு (கோர்களைச் சுற்றிய உலோக உறை) எங்கே எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் எர்த் செய்திருந்தால் தளத்துக்குத் தளம் எர்த் பொட்டென்ஷியல் வித்தியாசத்தில் ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடும். ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். நான் பார்த்த கம்யூனிகேஷன் கோளாறுகளில் பாதிக்கு மேல் எர்த்தில்தான் முடிந்தது.

ரிலேக்காரன் | காலை 11.30

தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாயிற்று, தேடிப் பார்த்திருக்கலாம். டிரைவ் மேனுவலில் கம்யூனிகேஷன் பகுதியைத் திறந்தீர்களா? திறக்காமல் கண்ட்ரோலரை மாற்றியிருக்கிறீர்கள். காசும் போனது, கோளாறும் போகவில்லை. கேட்கிறேன், சொல்லுங்கள்: மோட்டார் கேபிளும் கம்யூனிகேஷன் கேபிளும் ஒரே டிரேயிலா போகின்றன? கமிஷனிங் அன்று எத்தனை ஃபேன் ஒன்றாக ஓடியது?

மூன்றாம்தளம் | காலை 11.52

6 டிரைவ், 2 எனர்ஜி மீட்டர். ஒரே லூப். 9600. பாரிட்டி எல்லாவற்றிலும் ஒன்றுதான். அட்ரஸ் 1 முதல் 8, இரட்டிப்பு இல்லை. ஷீல்டு கேபிள்தான் போட்டிருக்கிறோம். கமிஷனிங் அன்று ஒவ்வொரு ஃபேனாக ஓட்டிப் பார்த்தோம்.

நாலாம்_கோர் | மதியம் 12.15

கடைசி வரிதான் முக்கியம். ஒவ்வொன்றாக ஓட்டியபோது வராத கோளாறு ஆறும் ஓடும்போது வருகிறது என்றால், சிக்னல் முதல் நாளிலிருந்தே மெலிந்துதான் இருந்திருக்கிறது, இரைச்சல் கூடியதும் விழுகிறது.

ஒரு வேலை செய்யுங்கள். டிரைவ்கள், மீட்டர், கண்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் சப்ளையை நிறுத்துங்கள். டிரைவ் மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும், அந்த நேரம் முழுக்கக் காத்திருங்கள், உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அப்புறம் கண்ட்ரோலர் பக்க டெர்மினலில் மல்ட்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு டேட்டா கோருக்கும் குறுக்கே அளங்கள். லூப்பின் இரண்டு கடைசி முனைகளில் மட்டும் 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் மோதித் திரும்பாமல் இருக்கப் போடும் ரெசிஸ்டர்) இருந்தால் 60-ஐ ஒட்டிக் காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் இல்லை. 40 என்றால் மூன்று இருக்கிறது. எண்ணை அப்படியே இங்கே எழுதுங்கள்.

புதுவயர் | மதியம் 12.40

இதற்கெல்லாம் மூலம் வேறு. 1979-இல் வந்த புரோட்டோகாலை இரண்டு கோர் கம்பியில் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். டிரைவுக்கு ஈதர்நெட் கார்டு போட்டு ஐ.பி-யில் கொண்டு போயிருந்தால் இந்த டெர்மினேஷன் பேச்சே வராது. கட்டடத்தை நவீனமாக்குகிறோம் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் ஏன் பழையபடி விட வேண்டும்?

ரிலேக்காரன் | மதியம் 1.05

ஐ.பி-யில் சுவிட்ச் ஒன்று போனால் ஆறு டிரைவும் ஒன்றாகப் போகும். எனக்குக் கவலை அதுவல்ல. ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் மாட்பஸ்ஸிலேயே விட்டிருக்கிறார்கள், அதுதான் தவறு. படிப்பதற்கு மாட்பஸ், ஓட்டுவதற்கு வயர். கரண்ட், யூனிட், ஃபால்ட் கோடு எல்லாம் மாட்பஸ்ஸில் எடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ரன் கமாண்டும் ஃபயர் டிரிப்பும் (தீ வந்தால் ஃபேனை நிறுத்தும் சிக்னல்) தனி வயரில் வர வேண்டும். புகை வரும் நேரத்தில் ஃபேன் நிற்குமா நிற்காதா என்பதை ஒரு சீரியல் லூப்பின் கையில் கொடுக்கக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதுவயர் | மதியம் 1.22

ஃபயர் டிரிப்புக்கு வயர், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஸ்டார்ட்டுக்கு ஒன்று, ரன் ஸ்டேட்டஸுக்கு ஒன்று, டிரிப்புக்கு ஒன்று, ஸ்பீடுக்கு 0-10 வோல்ட் ஒன்று என்று டிரைவுக்கு நாலு பாயிண்ட் இழுத்தால் பேனல் மறுபடி பழைய அளவுக்கு வந்துவிடும். லிங்க் போனால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்று டிரைவுக்குள்ளேயே பாராமீட்டர் இருக்கிறது. கடைசி ஸ்பீடிலேயே ஓடு என்று வைத்திருந்தால் நேற்று ஃபேன் நின்றிருக்காது.

இரவுப்_பணி | மதியம் 2.10

நான் கட்டடத்தை ஓட்டுகிறவன், என் பக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் இடத்திலும் இப்படித்தான் லிங்க் விழுந்து விழுந்து வந்தது. போன் பொறுக்க முடியாமல் எங்கள் ஆட்கள் பேனலில் ஹேண்ட்-ஆட்டோ சுவிட்சை ஹேண்டுக்குத் திருப்பிவிட்டார்கள். கோளாறு சரியான பிறகும் யாரும் ஆட்டோவுக்குத் திருப்பவில்லை. பல மாதம் ஃபேன் முழு ஸ்பீடில் இரவும் பகலும் ஓடியது. ஒருநாள் சுத்தம் செய்யும்போதுதான் பார்த்தேன், சுவிட்சின் கைப்பிடி மேலேயே தூசி படிந்து கிடந்தது. ஸ்பீடை 80 சதவீதமாக்கினால் ஃபேனுக்குப் போகும் பவர் ஏறக்குறையப் பாதியாகும் என்கிறார்கள், அதற்காகத்தானே வி.எஃப்.டி வாங்கியது? எந்த வழியில் செய்தாலும் சுவிட்சு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் பி.எம்.எஸ்-இல் தெரிய வேண்டும்.

ரிலேக்காரன் | மதியம் 2.31

இது சரி. அந்தச் சுவிட்சின் ஆட்டோ கான்டாக்ட்டை பி.எம்.எஸ்-க்கு ஒரு இன்புட்டில் எடுக்காத வேலையை நான் முடிந்த வேலையாக எண்ணுவதில்லை.

மூன்றாம்தளம் | மாலை 5.47

24 ஓம்.

நாலாம்_கோர் | மாலை 5.55

அப்படியானால் ஐந்து டெர்மினேஷன் இருக்கிறது, 120-ஐ ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அனுப்பும் சிப் 54 ஓம் சுமையில் குறைந்தது 1.5 வோல்ட் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஆர்.எஸ்-485 (இந்த இரண்டு கோர் லூப்பின் மின் தரநிலை) கணக்கு. 24 ஓம் சுமையில் அது இன்னும் கீழே இறங்கும். வாங்கும் பக்கத்துக்கு 200 மில்லிவோல்ட் வித்தியாசம் போதும், அதனால் அமைதியான நேரத்தில் பேசிக்கொண்டுதான் இருக்கும். ஆறு டிரைவும் ஒன்றாக ஓடி இரைச்சல் ஏறினால் அந்த இடைவெளி கரைந்துவிடும். டிரைவ்களின் முன்மூடியைக் கழற்றி கம்யூனிகேஷன் டெர்மினல் பக்கத்தில் இருக்கும் டிப் சுவிட்சைப் பாருங்கள். எதெல்லாம் ஆனில் இருக்கிறதோ, லூப்பின் கடைசியில் உள்ளதைத் தவிர மற்றவற்றை ஆஃப் செய்யுங்கள்.

பாட்ரேட் | மாலை 6.20

இதைச் செய்தாலும் போலிங்கையும் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாம்தளம் | செவ்வாய், மதியம் 12.08

நாலு டிரைவில் சுவிட்ச் ஆனில் இருந்தது, ஐந்தாவது கண்ட்ரோலர் முனையில் இருப்பது. கடைசி டிரைவைத் தவிர மற்ற மூன்றையும் ஆஃப் செய்தோம். இப்போது 59 காட்டுகிறது. பெரும்பாலும் சரியாகிவிட்டது, ஏ.எச்.யு 4 மட்டும் இன்னும் விழுகிறது.

எர்த்_முதலில் | மதியம் 12.30

ஷீல்டு பற்றி நீங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லை.

நாலாம்_கோர் | மதியம் 12.34

4-க்குக் கேபிள் எப்படிப் போகிறது? 3-இலிருந்து 4, 4-இலிருந்து 5 என்று டிரைவ் டெர்மினலிலேயே வந்து போகிறதா, நடுவில் ஜங்ஷன் பாக்ஸில் கிளை பிரித்துக் கொடுத்திருக்கிறார்களா? நீளக் கிளை இருந்தால் அதன் முனையில் சிக்னல் மோதித் திரும்பும். 9600-இல் சின்னக் கிளை பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது மோட்டார் கேபிளை ஒட்டிப் போனால் அங்கேதான் இரைச்சல் ஏறும். ஓட்டத்தில் இரண்டுக்கும் நடுவே 30 சென்டிமீட்டராவது விடுங்கள், குறுக்கே கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

பாட்ரேட் | புதன், காலை 9.15

என்ன ஆயிற்று நண்பரே?

மூன்றாம்தளம் | வியாழன், இரவு 8.26

ஜங்ஷன் பாக்ஸிலிருந்து 4-க்கு 20 மீட்டர் கிளை போயிருந்தது, மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில். வேறு வழியில் இழுத்து, போய்த் திரும்பி வருகிற மாதிரி மாற்றினோம். நேற்று மாலையிலிருந்து ஒன்றும் விழவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ரிலேக்காரன் | இரவு 8.40

நல்லது தம்பி. ஃபயர் டிரிப் எந்த வழியில் வருகிறது என்று மட்டும் நாளைக்குள் பார்த்துவிடுங்கள்.

நாலாம்_கோர் | இரவு 9.02

ஆறு ஃபேனையும் ஒன்றாக முழு நாள் ஓட்டிப் பார்த்தீர்களா? லிங்க் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற பாராமீட்டரில் என்ன வைத்தீர்கள்? லூப் கேபிளைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டு ஆறு டிரைவும் அந்தப் பாராமீட்டர்படியே நடக்கின்றனவா என்று பாருங்கள், பார்த்துவிட்டுக் கையெழுத்துக்குக் கொடுங்கள்.