மூணு வாரம் தாண்டியும் டீக்கடையில் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று தோன்றுவது ஏன்?

திண்ணைவாசி:
சிகரெட்டை நிறுத்தியவர்களுக்கு உதவும் குழுவுக்காகக் கேட்கிறேன். ரத்தத்தில் ஏறிய நிகோடின் பாதியாகக் குறையச் சுமார் 2 மணி நேரம்தான். எரிச்சல், தூக்கக் கெடுதல் எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் 2–4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன் பிறகும் டீ கிளாஸ் கைக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். இது உடம்பா, நினைப்பா? “அதை நினைக்காதே” என்பதைத் தவிர வேறென்ன சொல்லலாம்?

மஞ்சப்பை:
நினைப்புதான், ஆனா ஒரே நினைப்பு இல்லை. மனநல மருத்துவர் ஆரோன் பெக்கும் கூட இருந்தவங்களும் இதை மூணாப் பிரிச்சாங்க. எதிர்பார்ப்பு: “தம் போட்டா டீ இன்னும் சுகமா இருக்கும்.” நிவாரணம்: “இந்த எரிச்சல் அடங்க வேற வழியே இல்லை.” அனுமதி: “இன்னிக்கு ஒரு நாள்தானே.” முதல் ரெண்டும் வரும், போகும். நூல்ல கட்டித் தொங்குற லைட்டர் பக்கம் கை நீள்றது மூணாவது வந்த பிறகுதான். அதனால அனுமதி வாக்கியத்தைப் பிடிக்கப் பழக்குங்க.

சட்டைப் பையில மடிச்ச தாள் போதும். நேரம், இடம், மனசுல ஓடின வாக்கியம், 0–10ல எவ்வளவு வேகம். 7 நாள் எழுதட்டும். சொதப்புற இடம் இதுதான்: “ஆசை வந்துச்சு”ன்னு எழுதுவாங்க. அதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. “மேனேஜர் அந்தக் கத்து கத்தினதுக்கு ஒண்ணு பிடிச்சா என்ன தப்பு?” – இப்படி வார்த்தைக்கு வார்த்தை வேணும். ராத்திரி மொத்தமா உக்காந்து எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, அதுக்குள்ள மனசு அதைப் பூசி மெழுகியிருக்கும்.

அப்புறம் அந்த வாக்கியத்துக்கு நேரா அவரே பதில் எழுதணும். “புற்றுநோய் வரும்” வேண்டாம். எப்பவோ வரப்போற பயம் இப்ப இருக்கிற ஆசைகிட்ட தோத்துடும். “ஒண்ணே ஒண்ணு”க்குப் பதில்: “போன தடவை அந்த ஒண்ணு எத்தனை நாள்ல பாக்கெட் ஆச்சு?” எண்ணை அவர் கையாலயே எழுத வைங்க.

நிழற்குடை:
“நினைக்காதே” ஏன் பலிப்பதில்லை என்பதற்கு: வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் செய்த சோதனையில், அடக்கியவர்களுக்கு அந்த நினைப்பு பிறகு இன்னும் அதிகமாக வந்தது. தோன்றுவதைத் தடுக்க முடியாது. வளர்ப்பதைத்தான் நிறுத்த முடியும். வேட்கை வளர்வது பெரும்பாலும் படமாக: விரலிடுக்கில் வெள்ளைக் குச்சி, முதல் இழுப்பு, தொண்டையில் இறங்கும் சூடு. அந்தப் படம் ஓடும் மனத்திரையை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். டெட்ரிஸ் மாதிரிக் கட்டை அடுக்கும் விளையாட்டு 3 நிமிடம் ஆடலாம்; வீட்டிலிருந்து பேருந்து நிலையம் வரை உள்ள கடைகளை வரிசையாக மனக்கண்ணில் பார்த்துக்கொண்டு போகலாம். 100லிருந்து எண்ணுவது அவ்வளவு உதவாது. அது சொல் வேலை, படம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆசையின் ஒரு அலை பொதுவாகச் சில நிமிடங்களில் தணியும். கடை வாசலிலேயே நின்று தணியக் காத்திருந்தால் அடுத்த அலை வரும். முதலில் 50 அடியாவது தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லாத்தையும் நினைப்பு தலையில கட்டிடாதீங்க. காலையில எழுந்து 30 நிமிஷத்துக்குள்ள முதல் சிகரெட் பிடிச்சவர்னா 2 மி.கி. நிகோடின் கம் பத்தாது, வழக்கமா 4 மி.கி. சுருக்குன்னு உறைக்கிற வரை மெதுவா மென்னு, கன்னத்துல ஒதுக்கணும். உறைப்பு போனா திரும்ப மெல்லணும். அரை மணி நேரம் இப்படி. டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் 15 நிமிஷம் முன்னாடியும் மெல்லும்போதும் கூடாது. வாய் புளிப்பானா நிகோடின் ஏறாது. பபிள்கம் மாதிரி மென்னு விழுங்கிட்டு, விக்கல் எடுத்ததும் “எனக்கு எதுவும் கேக்காது”ன்னு முடிவு பண்ணிடுவாங்க. அதுவும் மஞ்சப்பை சொல்ற அனுமதி வாக்கியம்தான்.

வழுக்கிட்டா “ஒண்ணு பிடிச்சாச்சு, இனி என்ன” அப்படிங்கிற நினைப்பு அந்த ஒரு சிகரெட்டைவிட மோசம். உளவியலாளர் ஆலன் மார்லட் எச்சரிச்சது இதைத்தான். மிச்சத்தைத் தண்ணியில நனைச்சுக் குப்பையில போட்டுட்டு, அன்னிக்கே தாள்ல அந்த வாக்கியத்தை எழுதட்டும். நாள் கணக்கை அழிச்சு 0ன்னு போட வேண்டாம்; 21 நாள்ல 1 வழுக்கல்னு போடுங்க.

குடிக்கு இந்த முறையை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க. தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டுனு நிறுத்தினா 2 நாளைக்குள்ள வலிப்பு வரலாம். அவருக்கு முதல்ல டாக்டர்.

திண்ணைவாசி:
நன்றிங்க. அப்படியானால் டீயையே நிறுத்தச் சொல்லலாமா?

நிழற்குடை:
நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள். புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு காஃபீனைச் சீக்கிரம் கரைக்கும். புகை நின்றதும் ஒரு வாரத்துக்குள் அந்த வேகம் குறைந்துவிடும். அதே 6 டீ குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் இரண்டு மடங்கு வரை ஏறும். நிகோடின் கம் மென்றாலும் இது மாறாது. நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை வரும். அதை “உடம்பு சிகரெட் கேக்குது” என்று படித்துக்கொள்வார்கள். உங்கள் தாளில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேருங்கள்: அன்றைக்கு இதுவரை எத்தனை டீ.