இரசாயன ஆயுத ஆய்வாளர்களுக்குத் தூதர் அளவு விலக்குரிமை தேவையா?

செந்தூல்வாசி:
வணக்கம். இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தப்படி நம் மலேசியத் தொழிற்சாலைகளுக்கு வரும் பன்னாட்டு ஆய்வாளர்களை நம் போலீஸ் கைது செய்ய முடியாது, வழக்கும் போட முடியாது. தூதர்களுக்கு 1961 வியன்னா ஒப்பந்தம் தரும் அதே பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. 2017 பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தின் கேஎல்ஐஏ 2 முனையத்தில், அத்தனை பயணிகள் நடமாடும் இடத்தில், வட கொரியத் தலைவரின் அண்ணன் முறையான கிம் ஜோங் நாமின் முகத்தில் விஎக்ஸ் நச்சைப் பூசிக் கொன்றார்கள். போலீஸ் தேடியவர்களில் ஒருவர் வட கொரியத் தூதரகத்தின் இரண்டாம் செயலாளர். விலக்குரிமை இருந்ததால் அவரைக் காவலில் எடுக்க முடியவில்லை. பியோங்யாங்கில் தடுத்து வைக்கப்பட்ட ஒன்பது மலேசியர்களை மீட்க, மார்ச் கடைசியில் அவரை வழியனுப்ப வேண்டியதாயிற்று. இவ்வளவு பட்ட பிறகும் இன்னொரு கூட்டத்துக்கு அதே உரிமையா?

பங்சார் வக்கீல்:
அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த ஆள் ஒரு நாட்டின் தூதர். அவருடைய விலக்குரிமையை அந்த நாடுதான் விட்டுக்கொடுக்க முடியும். ஆய்வாளருக்கு அது அவர் பிறந்த நாடு தருவதல்ல. நீதிக்குத் தடையாகிறது என்று தெரிந்தால் தி ஹேக்கில் இருந்து இந்த ஒப்பந்தத்தை நடத்தும் பன்னாட்டு அமைப்பின் தலைமை இயக்குநரே அதை நீக்கலாம். அதோடு, ஆய்வாளர் பட்டியல் வந்த 30 நாளுக்குள் பிடிக்காத பெயரை நாம் மறுத்துவிடலாம். வட கொரியா இந்த ஒப்பந்தத்திலேயே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1991 செப்டம்பரில் பாக்தாத்தில் அணு ஆயுதத் திட்ட ஆவணங்களைக் கண்டெடுத்த ஐநா ஆய்வாளர்களை ஈராக் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நான்கு நாள் மடக்கி வைத்தது. எதையாவது கண்டுபிடிக்கும் அன்றுதான் ஆய்வாளருக்கு ஆபத்து.

நம் ஊரிலேயே பாருங்கள். ஐநா சிறப்பு அறிக்கையாளர் டத்தோ பரம் குமாரசாமி நீதித்துறை பற்றி ஒரு பேட்டி கொடுத்ததற்காகக் கோலாலம்பூரில் அவர்மேல் அவதூறு வழக்குகள் பாய்ந்தன. நம் நீதிமன்றங்கள் அவருடைய விலக்குரிமையை ஏற்கவில்லை. 1999-இல் உலக நீதிமன்றம்தான் அது உண்டு என்று சொன்னது. ஒரு பேட்டிக்கே இந்தப் பாடு!

செந்தூல்வாசி:
வக்கீலம்மா, ஈராக்கை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். அதே ஆய்வுக் குழுவை அமெரிக்கா ஒட்டுக்கேட்கப் பயன்படுத்தியது என்று 1999 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகைகளே எழுதவில்லையா? அப்புறம் தொழில் ரகசியம். இந்த ஒப்பந்தத்தின் ரகசியக்காப்பு இணைப்பைப் படித்துப் பாருங்கள். தி ஹேக் அமைப்பின் செயலக ஊழியர் ரகசியத்தை வெளியிட்டால் அமைப்பு அதற்குப் பொறுப்பேற்காது என்று எழுதியே இருக்கிறது. ஆய்வாளர்மேலும் வழக்கில்லை, அமைப்பின்மேலும் வழக்கில்லை. ஒரு சின்ன கம்பெனி எங்கே போய் முறையிடும்?

பிறை ஷிப்ட்காரன்:
பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கும் எங்கள் ஆலைக்கு அந்த ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். எங்களுடையது ஒப்பந்தம் பட்டியலிட்ட நச்சு எதுவும் செய்யாத சாதாரணக் கரிம இரசாயன ஆலை. இப்படிப்பட்ட இடத்துக்கு 120 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும், ஆய்வு 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு) அதிகாரிகள் கூடவே நின்றார்கள். வால்வைத் திறந்து மாதிரி பிடித்தது எங்கள் ஆள். ஆய்வாளர் பக்கத்தில் நின்று பார்த்தார். அதில் ஒரு பங்கு எங்களிடமே இருந்தது. போட்டோ எடுத்ததும் நாங்கள்தான். சம்பந்தமில்லாத திரைகளை முன்கூட்டியே அணைத்துவிட்டோம், யாரும் ஆட்சேபிக்கவில்லை. ரகசியத்தை இப்படித்தான் காப்பாற்ற முடியும் தம்பி. வெளியே போன பிறகு கோர்ட் தரும் காசில் ஃபார்முலா திரும்பி வராது.

பங்சார் வக்கீல்:
பொறுப்பேற்காது என்ற அந்த வரி அநியாயம்தான், அதை மாற்றச் சொன்னால் நானும் உங்கள் பக்கம். ஆனால் கைது செய்யும் அதிகாரத்தை மட்டும் கேட்காதீர்கள். நாம் கேட்டு வாங்கினால், அசாத் ஆட்சியில் இரசாயன ஆயுதம் வீசிய சிரியா போன்ற நாட்டுக்கும் அது கிடைக்கும்.

செந்தூல்வாசி:
சிரியாவுக்குத் தைத்த சட்டையைப் பிறைக்கும் போடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை அக்கா. பரம் வழக்கில் உலக நீதிமன்றம் காப்பாற்றியது எதை? அவர் தன் பணியில் இருந்துகொண்டு பேசிய பேச்சை. நானும் அவ்வளவுதான் கேட்கிறேன். ஆயுதச் சந்தேகம் உள்ள இடத்தில் முழு விலக்குரிமை இருக்கட்டும். வழக்கமான தொழிற்சாலை ஆய்வுக்கு, செய்த வேலைக்கு மட்டும் பாதுகாப்பு போதும். ஆய்வு முடிந்த இரவு பட்டர்வொர்த் சாலையில் காரை வேகமாக ஓட்டி ஒருவரை இடித்துவிட்டால், தி ஹேக்கில் அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் நம் மாஜிஸ்திரேட் முன்னால் அவர் வந்து நிற்க வேண்டும்.