கறையை நீக்கியபின் கறையைப் பூசவும்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

மரப்பூச்சு ஒன்றின் பயன்பாட்டுக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வெளியே, வெயிலும் மழையும் நேராகப் படும் மர டெக்குக்கானது. வெப்பமும் புழுக்கமும் மிகுந்த இடங்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். எனக்கு முன் யாரோ செய்த வரைவு கையில் இருக்கிறது. அதில் ஒரு வரி:

> தளத்தில் உள்ள கறையை முழுவதும் நீக்கியபின் கறையைச் சீராகப் பூசவும். காய்ந்ததும் முத்திரையிடவும்.

சிரித்து முடித்து உட்கார்ந்தால் எனக்கும் வேறு சொல் அகப்படவில்லை. மரத்துக்கு நிறம் கொடுப்பது ஸ்டெயின்; ஆங்கிலத்தில் கறைக்கும் அதே சொல்தான். தண்ணீர் புகாமல் காக்கப் பூசுவது சீலர்; சீல் என்றால் முத்திரை என்றும் பொருள். இரண்டுக்கும் சொல் வேண்டும். 'நிறமூட்டி', 'அடைப்பான்' என்று போட்டு அனுப்பிவிடலாமா? டெக்குக்கும் ஒன்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மடல் 2

வணக்கம்.

டெக்கை முதலில் முடித்துவிடுவோம். 'மேல்தளம்' கப்பலுக்குப் போய்விட்டது. 'மரத்தளம்' என்றால் வீட்டுக்குள் பாவிய தரையும் அதில் வந்துவிடும். தண்ணீர் வடியப் பலகைகளுக்கு நடுவே சந்து விட்டு, அடியில் காற்றோட அடிப்பதுதான் இதன் அடையாளம். ஆகவே 'பலகைத்தளம்'. இதில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

'கறை' இன்று இழுக்கு மட்டும்தான். ஒரு காலத்தில் அப்படி இல்லை. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவனின் மிடற்றுக் கறை அணியாகவே வருகிறது. ஆனால் குறிப்பைப் படிப்பவருக்குக் கறை என்றதும் துணிசோப்புதான் நினைவுக்கு வரும். அதைவிட முக்கியம், பலகைத்தளத்தில் உண்மையான கறைகளே பல உண்டு. இரும்பு ஆணியைச் சுற்றி மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை கொட்டியதுபோல் கறுக்கும். பூசணம் புள்ளிபுள்ளியாகப் பிடிக்கும். பூந்தொட்டி இருந்த இடத்தில் வட்டம் விழும். இதையெல்லாம் சொல்ல அந்தச் சொல் நமக்கு வேண்டும்.

> 'நிறமூட்டி', 'அடைப்பான்' என்று போட்டு அனுப்பிவிடலாமா?

நிறமூட்டியில் தவறில்லை, ஆனால் அது எதையும் சொல்லவில்லை. தலைமயிருக்கும் நிறமூட்டி, மிட்டாய்க்கும் நிறமூட்டி. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மட்டும் என்ன? ஸ்டெயினையும் பெயின்ட்டையும் பிரிப்பது நிறம் அல்ல. அது எங்கே போய் உட்காருகிறது என்பதுதான். பெயின்ட் மரத்தின் மேல் தோலாகப் படியும். ஸ்டெயின் உள்ளே இறங்கும். புழுக்கமான இடத்தில் இந்த வித்தியாசத்தில்தான் தளத்தின் ஆயுளே இருக்கிறது.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. வீட்டுப் பின்பக்கத் தளத்துக்கு முதல்முறை பளபளப்பு வார்னிஷ் இரண்டு கை அடித்தேன். முகம் பார்க்கலாம் போல் இருந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பலகை முனைகளிலும் திருகாணி இறங்கிய இடங்களிலும் பால் நிறத்தில் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் நெம்பினேன். வெயிலில் வெந்த தோல் மாதிரி விரல் அகலத்துக்குச் சுருண்டு வந்தது. அடியில் மரம் சில்லென்று ஈரமாக, நாள்பட மூடிவைத்த அலமாரியின் வாடையோடு இருந்தது. வந்து பார்த்த ஆசாரி குனியக்கூட இல்லை. "மேல கதவைச் சாத்திட்டீங்க, அடியில தொறந்து கெடக்கு. குடிச்ச தண்ணிய மரம் எங்க கொண்டுபோய் விடும்?" என்றார்.

அவர் சொன்னதற்குக் கணக்கும் உண்டு. மரம் காற்றோடு ஓயாமல் ஈரம் கொடுத்து வாங்கும். ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸில் காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக நின்றால் மரத்தின் ஈரம் 12 விழுக்காட்டுப் பக்கம் வந்து நிற்கும். காற்று 80 ஆனால் மரம் 16. 90 ஆனால் 20. இப்படி ஏறி இறங்கும்போதெல்லாம் பலகை அகலவாக்கில் உப்பும், சுருங்கும். மேலே இறுகிய வார்னிஷ் கூடவே உப்பிச் சுருங்காது. எங்காவது மயிரிழை விரிசல் விடும். தண்ணீர் உள்ளே போகும். அடுத்த நாள் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கும்போது தோலைத் தூக்கிவிடும். ஸ்டெயின்போல் உள்ளே ஊறிய எண்ணெய்ப்பூச்சில் தூக்குவதற்குத் தோலே இல்லை. அது வெளுக்கும், தேயும், அவ்வளவுதான். கழுவிக் காயவிட்டு இன்னொரு முறை ஊட்டலாம். வார்னிஷ் உரிந்தால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். நான் சுரண்டினேன். முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை.

ஆகவே என் முன்வைப்பு: ஸ்டெயின் = ஊறுவண்ணம்.

'சாயம்' என்று கேட்பீர்கள். சாயம் கரைந்து நிற்பது. வெயிலில் சீக்கிரம் ஓடிவிடும். வெளித் தளத்துக்கு வரும் ஸ்டெயினில் பெரும்பாலும் கரையாத நிறமித் துகள்கள்தான். அவை மரத்தின் துளைகளில் தங்கிக் குடை பிடிக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கும். சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகும். மிஞ்சும் மரம் சாம்பல் பூத்துவிடும். நிறமே இல்லாத காப்பு தண்ணீரை விரட்டலாம், வெயிலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வண்ணம் இங்கே அழகுக்கு மட்டும் அல்ல என்பதால் 'வண்ணம்' சொல்லில் இருந்தே ஆக வேண்டும். சாயத்தைக் கரையும் நிறத்துக்கே விட்டுவைக்கலாம்.

மர இழையே தெரியாமல் மறைக்கும் கெட்டி ஸ்டெயின் ஒன்றும் விற்கிறது. பெயர்தான் ஸ்டெயின், வேலை பெயின்ட்டின் வேலை. அதற்கு 'மூடுவண்ணம்'.

இனி சீலர். 'முத்திரை' கடிதத்துக்கும் பத்திரத்துக்கும் இருக்கட்டும். 'அடைப்பான்' ஆபத்தானது. அடைப்பது என்று படித்தவர், அடைபடவில்லையோ என்று மூன்றாவது கையும் ஊற்றுவார். மரம் குடித்தது போக மிஞ்சியது மேலே பிசுபிசுத்து நிற்கும். பூச்சி ஒட்டும், தூசி ஒட்டும், வாரக்கணக்கில் காயாது. மரத்தில் ஊறும் இந்த வகைச் சீலர் எதையும் அடைப்பதே இல்லை. தண்ணீர் சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நிற்கும். ஆவி வெளியே போக வழி இருக்கும். எனவே 'ஈரக்காப்பு' என்று வைக்கலாம். எண்ணெய்க்காப்பு என்ற சொல் ஏற்கெனவே நம் வாயில் இருப்பதால் காப்பு புதிதாகத் தோன்றாது.

மடல் 3

நல்லா இருக்கு, ஆனா ஒரு சந்தேகம். ஸ்டெயின் குடுங்கன்னு கேட்டா கடையில எடுத்துத் தருவாங்க. ஊறுவண்ணம் குடுங்கன்னா மேலயும் கீழயும் பார்ப்பாங்க. வார்னிஷை நாம மாத்தல, பாலிஷை மாத்தல. இதுக்கு மட்டும் ஏன் மெனக்கெடணும்?

இன்னொண்ணு. இப்ப பாதி டப்பா ரெண்டும் சேர்ந்ததாத்தான் வருது, ஸ்டெயினும் சீலரும் ஒரே டப்பாவுல. அதுக்கு என்ன பேர் வைப்பீங்க? ஊறுவண்ண ஈரக்காப்பா? டப்பாவுல இடம் பத்தாது.

மடல் 4

அன்பர்களுக்கு வணக்கம்.

ஊறுவண்ணம் எனக்கு உடன்பாடே. வினைத்தொகை, ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். வல்லினம் வந்தாலும் இடையே ஒற்று மிகாது என்பதால் எழுதுகிறவருக்கும் தொல்லை குறைவு.

'ஈரக்காப்பு' ஏற்பதற்கில்லை. தீக்காப்பு என்றால் தீயிலிருந்து காப்பது; உயிர்க்காப்பு என்றால் உயிரைக் காப்பது. தமிழில் காப்புக்கு முன்னால் நிற்பது பகையும் ஆகலாம், காக்கப்படும் பொருளும் ஆகலாம். ஈரக்காப்பு ஈரத்தைப் பிடித்துவைப்பது என்று ஒருவர் பொருள் கொண்டால் அவர்மேல் பிழை சொல்ல முடியாது. முகத்துக்குப் பூசும் களிம்பு என்றே நினைப்பார். 'மரக்காப்பு' என்றால் குழப்பம் தீரும். ஆனால் கரையானுக்கும் உளுப்புக்கும் எதிராகப் பலகைக்குள் மருந்தேற்றுகிறார்களே, அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

முதற்சொல்லையே இரண்டாவதற்கும் நீட்டினால் என்ன? ஊறுவண்ணம், ஊறுகாப்பு. ஊறி நின்று காப்பது. மேலே தோலாகப் படிவது படலக்காப்பு. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது ஊறுமா படியுமா என்பதுதானே? பெயரிலேயே விடை வந்துவிடுகிறது.

ஊறு என்றால் துன்பம் என்றும் பொருள் உண்டே என்பீர்கள். உண்டுதான். துன்பத்திலிருந்து காப்பது என்று யாரேனும் பொருள் கொண்டால் அப்போதும் காப்புப் பொருளாகவே அமைகிறது, நமக்கு நட்டமில்லை. ஊறுகாயை எவரும் துன்பக்காய் என்று படித்ததில்லை.

மடல் 5

அம்மா, ஊறுகாப்பு என் ஈரக்காப்பைவிட நன்றாக இருக்கிறது. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

> இதுக்கு மட்டும் ஏன் மெனக்கெடணும்?

நியாயமான கேள்வி. கடையில் ஸ்டெயின் என்றே கேளுங்கள், நானும் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் ஸ்டெயின் என்ற எழுத்தைப் பார்த்தால், அதை எப்படிப் பூசுவது என்று கைக்கு ஒன்றும் தெரியாது. பெயின்ட் மாதிரி இழுத்து இழுத்துக் கெட்டியாக அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊறுவண்ணம் என்று எழுதியிருந்தால், ஊறாமல் மேலே நிற்பதைத் துடைக்க வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும். வார்னிஷ் என்ற சொல் நம்மை இப்படி ஏமாற்றவில்லை. அதனால் அது இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டும் சேர்ந்த டப்பாவுக்கு 'வண்ணக் காப்பு' என்று இரண்டு சொல்லாகவே எழுதலாம். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. சலவைத் துணியில் நிறம் போகாமல் காப்பது போலவும் ஒலிக்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

சொல் நிற்குமா என்று பார்க்க, குறிப்பையே எழுதிப் பார்த்தேன். சரக்குக்குத் தகுந்தபடி எண்கள் மாறும். டப்பாவில் உள்ளதையே போடுங்கள்.

"பலகைத்தளத்தில் உள்ள பூசணத்தையும் கறைகளையும் முதலில் கழுவி நீக்கவும். ஆணியைச் சுற்றிய கருங்கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் உதவும். கையுறை அணிந்து பயன்படுத்தி, பிறகு நிறையத் தண்ணீரால் அலசவும். குறைந்தது இரண்டு முழு நாள் உலரவிடவும். புழுக்கம் மிகுந்த காலத்தில் நாள் கணக்கை நம்பாமல் ஈரமானியை வைத்துப் பார்த்து, மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்தபின் தொடங்கவும். 60 முதல் 80 எண் உப்புத்தாளால் இழைவாக்கில் தேய்க்கவும். அதைவிட நைசாகத் தேய்த்தால் துளைகள் மூடிக்கொண்டு ஊறுவண்ணம் இறங்காது. சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கவும். உருண்டு நின்றால் பழைய காப்பு இன்னும் இருக்கிறது. உடனே உறிஞ்சினால் மரம் தயார்.

வெயில் நேராக விழும்போது ஊட்ட வேண்டாம். பலகையின் மேற்பரப்பு 32 டிகிரிக்கு மேல் சுட்டால் ஊறுவதற்கு முன்பே உலர்ந்துவிடும். பனி இறங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே முடிக்கவும். அடுத்த 24 மணி நேரம் மழை வராத நாளாகப் பார்க்கவும். ஒரு பலகையைத் தொட்டால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகவும். நடுவில் நிறுத்த வேண்டாம். அறுத்த முனைகள் பலகை முகத்தைவிடப் பல மடங்கு குடிக்கும். அவற்றுக்குக் குடிக்கும்வரை கொடுக்கவும். 15, 20 நிமிடத்துக்குப் பின்னும் மேலே நிற்பதைத் துணியால் துடைத்தெடுக்கவும்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காய்கையில் சூடு கிளப்பும். குவித்த துணி தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடவும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்கவும்."

'பூசவும்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஊட்ட' என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெயின்ட்டை அடிக்கிறோம், சந்தனத்தைப் பூசுகிறோம்; குடிப்பதற்குக் கொடுப்பதை ஊட்டுவது என்றால்தான் பொருந்துகிறது. அந்தக் குறிப்பில் முத்திரையே வரவில்லை, கறையும் கறைக்கு மட்டுமே வருகிறது.

ஆளிவிதை எண்ணெய் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பச்சையாக அதை மட்டும் ஊட்டினால் புழுக்கத்தில் பூசணத்துக்கு விருந்து வைத்த மாதிரிதான். பூசணக்கொல்லி கலந்த சரக்கைத்தான் வாங்க வேண்டும். தமிழாக்கத்தில் அந்த எச்சரிக்கை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஒன்றே ஒன்று. பாதியில் நிறுத்திவிட்டு, காய்ந்தபின் தொடர்ந்தால் இரண்டும் மேலேறும் இடத்தில் கருத்த பட்டை விழுமே, லேப் மார்க், அதற்குச் சொல் வைக்காமல் மழுப்பித்தான் மேலே எழுதியிருக்கிறேன். புடவைக்கரை மாதிரி விழுவதால் 'ஒட்டுக்கரை' என்று எழுத ஆசை. ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் கட்டாயம் அதை 'ஒட்டுக்கறை' ஆக்குவார். அவர் அப்படித் திருத்தினாலும் பொருள் சரியாகத்தான் இருக்கும் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.