486-இல் "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்": நார்ட்டன் டிஸ்க் டாக்டர் சரிசெய்யட்டுமா என்று கேட்கிறது, யெஸ் கொடுக்கலாமா?

டாஸ்622:
வணக்கம். பெட்டி 486 டிஎக்ஸ்2-66, 16 எம்பி ராம், ஏஎம்ஐ பயாஸ். ஹார்டு டிஸ்க் வெஸ்டர்ன் டிஜிட்டல் கேவியர் 2420. உள்ளே எம்எஸ்-டாஸ் 6.22, விண்டோஸ் 3.1, அப்புறம் ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் போட்ட பழைய கணக்கு. அந்தக் கணக்கு மட்டும் கிடைச்சா போதும், மத்தது போனாலும் பரவாயில்லை.

சிமாஸ் பேட்டரி (பயாஸ் அமைப்புகளை நினைவில் வைப்பது) செத்துப்போய் புதுசு மாட்டியாச்சு. டிஸ்க் மேல இருக்கிற லேபிள் கிழிஞ்சிருக்கு, மாடல் எண் மட்டும் தெரியுது. "420 எம்பி டிஸ்க்" என்று ஒரு பட்டியலில் இருந்ததைப் பார்த்து பயாஸில் டைப் 47-இல் (டிஸ்க் எண்களைக் கையால் கொடுக்கும் வகை) 826 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர்னு கொடுத்திருக்கேன். பூட் பண்ணினா "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்". ஃபிளாப்பியில் பூட் பண்ணி டிஐஆர் சி: அடிச்சா "இன்வேலிட் மீடியா டைப்". நார்ட்டன் யூட்டிலிட்டீஸ் 8 ஃபிளாப்பியில் டிஸ்க் டாக்டர் ஓட்டினா, சி டிரைவோட பூட் ரெக்கார்டு சரியில்லை, சரிசெய்யட்டுமான்னு கேட்குது. நோ கொடுத்து வெளியே வந்துட்டேன்.

யெஸ் கொடுக்கலாமா? இன்னொண்ணு, டிஸ்க்கை மீட்கும் மென்பொருளான ஸ்பின்ரைட் 7 சீக்கிரம் வரப்போகுதுன்னு பேச்சு. அதுக்குக் காத்திருக்கலாமா? டாஸுக்கு நார்ட்டன் 9 இருக்குன்னும் ஒருத்தர் சொல்றார்.

கோவை_பழசு:
இது ரொம்ப சாதாரணம் நண்பரே. ஃபிளாப்பியில் பூட் பண்ணி எஃப்டிஸ்க் /எம்பிஆர் அடிங்க, மாஸ்டர் பூட் ரெக்கார்டைப் புதுசா எழுதிடும். அதுக்கப்புறம் சிஸ் சி:, டாஸோட பூட் கோப்புகளைத் திரும்பப் போட்டுடும். முடிஞ்சுது.

செக்டர்_சுழியம்:
ரெண்டும் வேண்டாம். இப்போதைக்கு இந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீங்க.

முதலில் /எம்பிஆர் ஏன் வேண்டாம் என்று சொல்லிடறேன். "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்ற வாசகத்தைத் திரையில் போடுவதே டிஸ்க்கின் முதல் செக்டரான மாஸ்டர் பூட் ரெக்கார்டில் உள்ள நிரல்தான். அது ஓடுகிறது, பேசுகிறது; ஆக அந்த நிரல் நன்றாகவே இருக்கிறது. பார்ட்டிஷன் டேபிளைப் படித்து, பார்ட்டிஷனின் முதல் செக்டருக்குப் போய்ப் பார்த்து, அங்கே கடைசி ரெண்டு பைட்டில் 55 ஏஏ என்ற பூட் அடையாளம் இல்லை என்பதால்தான் அந்த வாசகம். செக்டரைப் படிக்கவே முடியவில்லை என்றால் "எரர் லோடிங்" என்று வேறு வாசகம் வந்திருக்கும். ஆக டிஸ்க் படிக்கிறது, ஆனால் தவறான இடத்தைப் படிக்கிறது. என் சந்தேகம் முழுக்க அந்த 826/16/63 மேல்தான்.

நார்ட்டன் 8 ஃபிளாப்பியில் டிஸ்க்எடிட் இருக்கும். /எம் சேர்த்து ஓட்டுங்க. அப்போது டாஸை நம்பாமல் நேராக டிஸ்க்கைப் பார்க்கும். தொடக்கத்தில் அது படிக்க மட்டும் என்ற நிலையில்தான் இருக்கும், அதை மாற்றாதீங்க. ஆப்ஜெக்ட் மெனுவில் டிரைவ், அதில் ஃபிசிக்கல் டிஸ்க், ஹார்டு டிஸ்க் 1. பிறகு ஆல்ட்-ஏ அழுத்தினால் பார்ட்டிஷன் டேபிள் வரும். முதல் வரியில் உள்ள எல்லா எண்களையும் அப்படியே இங்கே போடுங்க.

டாஸ்622:
தொடக்கம்: சைடு 1, சிலிண்டர் 0, செக்டர் 1. முடிவு: சைடு 14, சிலிண்டர் 987, செக்டர் 56. ரிலேட்டிவ் செக்டர் 56. மொத்த செக்டர் 829864. மத்த மூணு வரியும் காலி.

செக்டர்_சுழியம்:
விடை அந்த ஒரே வரியில் இருக்கிறது. சைடு 0-இலிருந்து எண்ணுவதால் கடைசி சைடு 14 என்றால் மொத்தம் 15 ஹெட். கடைசி செக்டர் 56, ரிலேட்டிவ் செக்டரும் 56: ஒரு டிராக்குக்கு 56 செக்டர். கணக்கும் உட்காருகிறது: 988 × 15 × 56 = 829920, அதில் முதல் டிராக்கின் 56-ஐக் கழித்தால் 829864. எஃப்டிஸ்க் வழக்கம்போல கடைசி ஒரு சிலிண்டரை விட்டிருக்கிறது. கேவியர் 2420-க்கு உரிய எண்கள் 989/15/56, அதாவது 425.3 எம்பி. 826/16/63 வேறு கம்பெனி டிஸ்க்கோடது.

இப்போ நடப்பது இதுதான். ஐடிஇ டிஸ்க்குக்கு பயாஸ் எந்த ஹெட், செக்டர் எண்ணைச் சொன்னாலும் அது தலையாட்டும்; அதன்படி உள்ளே வரிசை எண்ணாக மாற்றிக்கொள்ளும். மாஸ்டர் பூட் ரெக்கார்டு 0-ஆவது செக்டர், எந்தக் கணக்கிலும் 0 தான், அதனால் சரியாகக் கிடைக்கிறது. அடுத்து "சைடு 1, செக்டர் 1" என்று போனால் 56-க்குப் போக வேண்டியது 63-க்குப் போகிறது. உங்க டிஸ்க்கில் 63-இல் இருப்பது முதல் ஃபேட்டின் (எந்தக் கோப்பு எந்தெந்த இடத்தில் என்ற அட்டவணை, ரெண்டு பிரதி இருக்கும்) ஏழாவது செக்டர். அங்கே 55 ஏஏ எப்படி இருக்கும்?

டிஸ்க் டாக்டருக்கு யெஸ் கொடுத்திருந்தால் புது பூட் ரெக்கார்டை அந்த 63-இல் எழுதியிருக்கும். ஒரு ஃபேட் செக்டரில் 256 பதிவு. ஒரு கிளஸ்டர் (கோப்புக்கு இடம் ஒதுக்கும் அலகு) 8 கேபி. கிட்டத்தட்ட 2 எம்பி கோப்புகளின் சங்கிலி முதல் ஃபேட்டில் காலி. அதோடு நின்றால் ரெண்டாவது ஃபேட்டை வைத்து மீட்கலாம். ஆனால் நிற்காது. பூட் ரெக்கார்டு "சரியானதும்" அடுத்து ஃபேட்டைப் பார்க்கும், அதுவும் தவறான இடத்திலிருந்து, அதையும் திருத்தட்டுமா என்று கேட்கும். நல்ல மென்பொருள்தான், ஆனால் பயாஸ் சொல்லும் ஜியோமெட்ரி (சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள்) சரி என்று நம்பித்தான் எல்லாம் செய்யும். அந்தக் காலத்து ரிப்பேர் மென்பொருள் எல்லாமே இதில் ஒன்றுதான்.

மாற்றுவதற்கு முன்னாடி ஒரு சோதனை. இப்போதைய 16/63 அமைப்பிலேயே, ஆப்ஜெக்ட் மெனுவில் பூட் ரெக்கார்டு என்று போகாமல், ஃபிசிக்கல் செக்டர் தேர்வில் சிலிண்டர் 0, சைடு 0, செக்டர் 57 கேளுங்க. உண்மையான பூட் ரெக்கார்டு அங்கே இருக்கணும்: தொடக்கத்தில் எம்எஸ்டாஸ்5.0 என்ற எழுத்து (6.22-இலும் அப்படித்தான் போடும்), கடைசியில் 55 ஏஏ.

டாஸ்622:
இருக்கு! செக்டர் 57-இல் எம்எஸ்டாஸ்5.0, கீழே 55 ஏஏ. பயாஸில் 989/15/56 போட்டேன். நேரா சி:\> வந்துடுச்சு. டிஐஆர் எல்லாம் சரியா காட்டுது.

ஆனா ஃபாக்ஸ்புரோ டைரக்டரியை ஃபிளாப்பிக்கு காப்பி பண்ணும்போது நடுவில "டேட்டா எரர் ரீடிங் டிரைவ் சி". டிஸ்க் கொஞ்ச நேரம் டக் டக்னு அடிச்சிட்டு அப்புறம்தான் எரர் வருது. இப்பவாவது ஸ்கேன்டிஸ்க் ஓட்டலாமா?

ஏடிஏ_கேபிள்:
இன்னும் இல்லை. இது வேற நோய், உண்மையான பழுது. டக் டக் என்பது ஹெட் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும் சத்தம். இந்த நிலையில் ஸ்கேன்டிஸ்க்கின் சர்ஃபேஸ் ஸ்கேன் ஓட்டினா மொத்த டிஸ்க்கையும் படிச்சு, சந்தேகப்பட்ட கிளஸ்டரை வேற இடத்துக்கு மாத்தி எழுதும். சாகப்போற டிஸ்க்கில் எழுதறது கூடாது. முதல்ல இமேஜ் (மொத்த டிஸ்க்கின் நகல்), மருத்துவம் எல்லாம் இமேஜில்.

யுஎஸ்பி-ஐடிஇ அடாப்டரை நம்பாதீங்க. அவை எல்பிஏ முறையில் (செக்டரை ஒரே வரிசை எண்ணால் கேட்பது) மட்டும்தான் கேட்கும்; இந்த வயசு டிஸ்க்குகள் பலதுக்கு அது தெரியாது. டிஸ்க் சுத்தும், ஆனா கம்ப்யூட்டரில் வரவே வராது. மதர்போர்டிலேயே ஐடிஇ போர்ட் உள்ள பென்டியம் 3, பென்டியம் 4 பெட்டி ஒண்ணு பிடிங்க. செகண்டரி போர்ட்டில் டிஸ்க்கை மட்டும் தனியா, மாஸ்டரா மாட்டுங்க. கேவியர்ல தனியா இருந்தா ஜம்பரே வேண்டாம். லினக்ஸ் லைவ் சிடியில் பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் கருவியை ஓட்டுங்க. லினக்ஸ் பழைய முறையிலும் படிக்கும்.

முதல் சுற்றில் -என் கொடுத்து ஓட்டுங்க: நல்ல இடத்தையெல்லாம் எடுத்துட்டு, கஷ்டமான இடத்தைத் தாண்டிப் போயிடும். மேப் கோப்பு (எந்த இடம் வந்தது, எது வரலைன்னு குறிக்கிறது) கட்டாயம் கொடுக்கணும். அது இல்லேன்னா விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. ரெண்டாவது சுற்றில் -டி -ஆர்3, அதே மேப் கோப்போட. 425 எம்பிதான், முதல் சுற்று சீக்கிரம் முடிஞ்சிடும். சூடாகாம பக்கத்தில ஒரு சின்ன ஃபேன் வைங்க.

பேட்டரி பத்தி ஒரு வார்த்தை: போர்டில் சாலிடர் பண்ணின நீல நிற பீப்பாய் பேட்டரி இருந்துச்சா? அது நிக்கல்-காட்மியம், போர்டு அதை சார்ஜ் பண்ணும். அந்த இடத்தில் சிஆர்2032 மாட்டியிருந்தா 1என்4148 டயோடு ஒண்ணு தொடரா போடணும், இல்லேன்னா அதையும் சார்ஜ் பண்ணப் பார்க்கும். பழசு கசிஞ்சிருந்தா வினிகரால் துடைச்சு, பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹால். கீபோர்டு கன்ட்ரோலர் பக்கத்து டிரேஸ்தான் முதல்ல அரிக்கும்.

கோவை_பழசு:
சரி, /எம்பிஆர் விஷயத்தில் புரிஞ்சுது. ஸ்பின்ரைட் இருந்தா அந்த டக் டக் இடத்தையும் எடுத்துடும்தானே? 7 வரப்போகுதுன்னு நானும் கேள்விப்பட்டேன்.

செக்டர்_சுழியம்:
ஸ்பின்ரைட் வதந்திக்கு வயது அதிகம். 6.0 வந்தது 2004. 6.1 பற்றிய பேச்சு 2013 வாக்கிலேயே தொடங்கியது; கையில் வந்தது 2024-இல், 6.0 வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக. இந்த வரலாற்றை வைத்து 7-க்கு நீங்களே தேதி குறிச்சுக்கோங்க. வந்தாலும் இந்த டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. 7-இல் எதிர்பார்ப்பது பயாஸ் இல்லாத புதுப் பெட்டிகளில் ஓடுவது.

ஸ்பின்ரைட்டின் பழைய பெருமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐடிஇ-க்கு முந்தைய எம்எஃப்எம் டிஸ்க்குகளில் தரவை அழிக்காமல் லோ-லெவல் ஃபார்மட் செய்து இன்டர்லீவையும் (டிராக்கில் செக்டர்கள் அமையும் வரிசை) மாற்றியது. அது பெரிய வித்தை. ஐடிஇ டிஸ்க்கில் அந்த வேலையே நம் கையில் இல்லை. மிஞ்சுவது செக்டரைத் திரும்பத் திரும்பப் படித்து, கிடைத்ததை அதே டிஸ்க்கில் எழுதுவது. எழுத வேண்டாம் என்பதுதானே இப்போ பிரச்சினை? அதோடு அது கோப்பு அமைப்பைத் திருத்தும் கருவியும் இல்லை.

நார்ட்டன் 9 டாஸுக்கு இல்லை. டாஸ், விண்டோஸ் 3.1-க்கு 8.0-தான் கடைசி, அடுத்து வந்தது விண்டோஸ் 95-க்கு. அந்தப் பெயரில் கிடைக்கும் ஜிப்பைத் திறக்க வேண்டாம்.

டாஸ்622:
இமேஜ் முடிஞ்சுது. 9 செக்டர் மட்டும் வரலை. மேப் கோப்பில் உள்ள எண்ணை 512-ஆல் வகுத்தா 88512 ஒண்ணு, 412207 முதல் 412214 வரை எட்டு. இது எந்த ஃபைல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செக்டர்_சுழியம்:
உங்க பார்ட்டிஷனின் அமைப்பு: பூட் ரெக்கார்டு 56. முதல் ஃபேட் 203 செக்டர், 57 முதல் 259. ரெண்டாவது 260 முதல் 462. ரூட் டைரக்டரி 512 பதிவு, 32 செக்டர், 463 முதல் 494. தரவு தொடங்குவது 495-இல், கிளஸ்டர் எண் 2 என்று. பூட் ரெக்கார்டில் ஃபேட் அளவு 203 என்றுதான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கோங்க.

செக்டர் எண்ணில் 495 கழித்து, 16-ஆல் வகுத்து, முழு எண்ணோடு 2 கூட்டினால் கிளஸ்டர். 88512 என்பது கிளஸ்டர் 5503. மற்ற எட்டும் ஒரே கிளஸ்டர், 25734. ரெண்டு ஃபேட்டிலும் ரூட்டிலும் ஓட்டை இல்லை, அதுவே பெரிய விஷயம்.

இமேஜை ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் எழுதி 486-இல் மாட்டுங்க. பயாஸில் ஆட்டோ டிடெக்ட் வேண்டாம், கார்டு தன் சொந்த எண்களைச் சொல்லும், பழைய கதை மறுபடி தொடங்கும். கையால் 989/15/56. பிறகு டிஸ்க்எடிட்டில் ஆல்ட்-எஃப்1, ஃபேட் பார்வையில் அந்தக் கிளஸ்டர் எண்ணில் கர்சரை வைத்தால் கோப்பின் பெயர் கீழே தெரியும்.

ஸ்கேன்டிஸ்க்கையும் இந்தக் கார்டில் ஓட்டுங்க, முதலில் /செக்ஒன்லி. என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகு சரிசெய்ய விடுங்க. அன்டூ ஃபிளாப்பி கேட்கும், கொடுங்க. டாஸ் ஃபிளாப்பியில் ரெக்கவர் என்று ஒரு பழைய கட்டளை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீங்க. முழு டிரைவுக்குக் கொடுத்தால் எல்லாக் கோப்பையும் ஃபைல்0001.ஆர்இசி என்று வரிசையாகப் பெயர் மாற்றி ரூட்டில் கொட்டும். 6.0-இல் அதைத் தூக்கிவிட்டார்கள், நல்ல காரியம்.

டாஸ்622:
25734 போனது 386ஸ்பார்ட்.பார். 5503 கணக்கோட டிபிஎஃப் ஃபைல் (ஃபாக்ஸ்புரோவோட தரவு ஃபைல்).

ஏடிஏ_கேபிள்:
முதலாவது விண்டோஸ் 3.1-ஓட நிரந்தர ஸ்வாப், கவலையே வேண்டாம். கன்ட்ரோல் பேனலில் விர்ச்சுவல் மெமரியை நன் ஆக்கி, திரும்ப உருவாக்கிக்கலாம்.

டிபிஎஃப்-இல் போனது 512 பைட்தான். ஹெட்டரில் 4 முதல் 7 வரையிலான பைட் மொத்தப் பதிவு எண்ணிக்கை, 8-9 ஹெட்டர் நீளம், 10-11 ஒரு பதிவின் நீளம். 88512 அந்தக் கிளஸ்டரின் ரெண்டாவது செக்டர். அந்தக் கிளஸ்டர் ஃபைலோட சங்கிலியில் எத்தனையாவதுன்னு பார்த்து, அதுக்கு முன்னாடி உள்ள கிளஸ்டர்களை 8192-ஆல் பெருக்கி 512 கூட்டினா ஓட்டையின் தொடக்கம். ஹெட்டர் நீளத்தைக் கழிச்சு பதிவு நீளத்தால் வகுத்தா எந்தப் பதிவுன்னு வரும். பதிவு நீளம் 128-ன்னா அதிகபட்சம் அஞ்சு பதிவு அடிபட்டிருக்கும். அந்த இடம் முழுக்க பூஜ்ய பைட்டா இருக்கும். ஸ்பேஸால் நிரப்பிட்டு, ஃபாக்ஸ்புரோவில் திறங்க. இண்டெக்ஸ் ஃபைலைப் பழையதை நம்பாதீங்க, அழிச்சிட்டுப் புதுசா உருவாக்குங்க.