புதுப்பிப்பு: பிளெண்டரில் தூரத்து மலைகளுக்கு மூட்டம் (தீர்வு கிடைத்தது)

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் நான் உருவாக்கும் நீலகிரி நிலப்பரப்பில் 30 கி.மீ. தள்ளியிருக்கும் மலையும் பக்கத்து மேடு போலத் துல்லியமாகத் தெரிகிறது, வேர்ல்டில் (காட்சியைச் சூழ்ந்த பின்னணியில்) வால்யூம் ஸ்கேட்டர் (ஒளியைச் சிதறடித்து மூட்டம் உண்டாக்கும் அமைப்பு) போட்டால் வானமே கறுத்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

கைகொடுத்தது, வால்யூமை வேர்ல்டிலிருந்து எடுத்து நிலப்பரப்பை மூடும் பெரிய கியூபில் (கனசதுரப் பெட்டியில்) வைக்கச் சொன்ன யோசனைதான். வேர்ல்டு வால்யூமுக்கு எல்லை கிடையாது. வெளிச்சம் நம்மிடம் வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

அப்புறம் டென்சிட்டி, அதாவது மூட்டத்தின் அடர்த்தி. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கான கோஷ்மீடர் சூத்திரப்படி 3.912-ஐப் பார்வைத் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால் போதும். 20 கி.மீ.க்குச் சுமார் 0.0002 வரும். காட்சியை நூறில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தால் இதை நூறால் பெருக்குங்கள், இல்லாவிட்டால் மூட்டமே தெரியாது.

எதிர்பாராதது ஒன்று: அனைசோட்ரபியை (ஒளி எந்தத் திசையில் அதிகம் சிதறும் என்பதற்கான அளவை) 0.7 ஆக்கியதும் சூரியன் இருக்கும் திசையில் மலைகள் வெளுத்துக் கரைந்தன, எதிர்த்திசையில் முகடுகள் தெளிவாகவே நின்றன. காலை வெயிலில் நிஜ மூட்டமும் அப்படித்தான் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். தூரத்து நீலம் மட்டும் தானாக வராது. ஸ்கேட்டர் நிறத்தில் லேசாக நீலம் சேர்க்க வேண்டும்.